டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஆக்சிஜன்

சிங்கப்பூரில் இருக்கிற தம்பிக்குப் பையன் பிறந்த செய்தி வந்த அன்றைக்கே அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள், "நான் வரலடி, நீ போய்ப் புள்ளையத் தூக்கிப் பார்த்துட்டு வா, எனக்கு போன்ல காட்டினாப் போதும்" என்று. ஏன் என்று கேட்டால் முட்டி வலி, மாட்டை யார் பார்ப்பது, வீட்டை யாரிடம் விடுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் வந்தது. உண்மையான காரணம் மூன்றாம் நாள் ராத்திரி, படுக்கப் போகும்போதுதான் வந்தது. "அவ்வளவு பேருக்கு நடுவுல இந்தக் குழாய மூக்குல மாட்டிக்கிட்டு எப்படிடி உட்காருவேன்? வானத்துல போறப்ப மூச்சு முட்டிச்சுன்னா வண்டிய ஓரமா நிறுத்தவா முடியும்?"

அந்த இரண்டாவது கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த இரண்டு மாதம் அந்தப் பதிலுக்காகத்தான் டாக்டரிடமும் வாடகைக் கடையிலும் மின்னஞ்சலிலும் அலைந்தேன். நுரையீரல் நோயோடு ஊரில் அப்பாவோ அம்மாவோ, கடல் தாண்டிப் பேரன் பேத்தி என்று இருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. அவர்களில் யாருக்காவது உதவும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மருந்து, ஆக்சிஜன் அளவு விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. நான் சொல்ல வந்தது வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதை. அந்த வரிசையில்தான் நான் தப்புப் பண்ணினேன்.

அம்மாவுக்கு சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டு மூச்சு முட்டுகிற நுரையீரல் நோய். பீடி, சிகரெட் வாசனைகூட ஆகாத மனுஷி. லால்குடிப் பக்கம் கிராமத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் விறகடுப்பு, அறுப்பு முடிந்தால் வாசலில் நெல் அவிக்கிற பெரிய அடுப்பு, புகை கண்ணைக் கரிக்கக் கரிக்க ஊதாங்குழலை வைத்து ஊதிக்கொண்டே இருப்பாள். அந்த ஊதாங்குழல் இன்னும் பரணில் கிடக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிற ஆக்ஸிமீட்டர் 92, 93 சதவீதம் காட்டும். கொல்லைப்புறம் வரை நடந்துவிட்டு வந்தால் 85க்கு இறங்கிவிடும். அதனால் ராத்திரியிலும், நடமாடிவிட்டு வந்த பிறகும் வீட்டிலிருக்கிற 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற கருவி) ஆக்சிஜன் வைப்போம்.

முதலில் அம்மாவின் நுரையீரல் டாக்டரிடம் போய், விமானத்தில் என்னதான் ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. "அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?" என்று கேட்டார். விமானத்துக்குள் இருக்கிற காற்றிலும் தரையில் இருப்பது போலவே 21 சதவீதம் ஆக்சிஜன்தான். ஆனால் உள்ளே காற்றழுத்தம் குறைவு. விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் கேபின் அழுத்தத்தை அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்கு வைத்திருப்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். 8,000 அடி என்பது சுமார் 2,440 மீட்டர், அதாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில். தரைமட்டத்தில் 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதும் இதுவும் ஒன்று. நல்ல நுரையீரலுக்கு ஒன்றும் தெரியாது, 93க்கோ 92க்கோ இறங்கிவிட்டு நிற்கும். கீழேயே 92 இருக்கிறவருக்கு அங்கே எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி.

(போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற விமானங்களில் கேபின் அழுத்தம் 6,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குத்தான் இருக்கும். அது குன்னூர் கணக்கு. நீண்ட பயணத்துக்குத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் பார்த்துப் போடுங்கள். திருச்சியிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது சின்ன விமானம்தான்.)

இதைத் தரையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. 15 சதவீத ஆக்சிஜன் கலந்த காற்றை இருபது நிமிடம் சுவாசிக்க வைத்து, ஆக்ஸிமீட்டர் 85க்குக் கீழே போகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 50 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போகிறதா என்று பார்ப்பார்கள். போனால் விமானத்தில் ஆக்சிஜன் தேவை. பிரிட்டனில் இது வழக்கமான சோதனை. நாங்கள் பார்க்கிற இடத்தில் அந்த வசதி இல்லை. அதற்குப் பதிலாக ஆறு நிமிட நடைச் சோதனையும், மணிக்கட்டில் ரத்தம் எடுத்து ஏபிஜி என்கிற ரத்த வாயுச் சோதனையும் செய்தார்கள். நடையில் 84 வரை இறங்கியது. ஏபிஜி எதற்கு என்று அப்போது புரியவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். டாக்டர் யோசித்துவிட்டு, "கூட்டிட்டுப் போகலாம், ஆனா ஆக்சிஜன் இல்லாம வேண்டாம்" என்றார். அம்மா முகத்தைப் பார்த்தேன். பயப்படுவாள் என்று நினைத்தேன், அவளோ "அப்ப போகலாமா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில்தான் என் தப்பு. சந்தோஷத்தில் அன்று ராத்திரியே சலுகை விலையில் ஒரு நிறுவனத்தில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணில் கேட்கவும் செய்தேன். போனில் பேசியவர், "டாக்டர் லெட்டர் இருந்தா போதும் மேடம், சிலிண்டர்கூடக் கொண்டு வரலாம்" என்றார். மனதில் ஏதோ உறுத்த, அதையே எழுதித் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். நாலு நாள் கழித்து வந்த பதிலில், அந்த வழித்தடத்தில் ஆக்சிஜன் தேவைப்படும் பயணிகளை ஏற்பதில்லை என்று இருந்தது. டிக்கெட் பணம் திரும்ப வரவில்லை. அந்தப் பணத்தைவிட, விமான நிலையக் கவுண்டரில் அம்மாவை நிற்க வைத்து இதே பதிலைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் இரண்டு நாள் தூங்க விடவில்லை.

அதனால் சொல்கிறேன், போனில் சொல்வதை நம்பி எதையும் செய்யாதீர்கள், டிக்கெட் போடுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். சொந்த சிலிண்டரைப் பெரும்பாலும் எந்த நிறுவனமும் கேபினுக்குள் விடாது, உள்ளே இருப்பது அழுத்தம் ஏற்றிய வாயு. இப்போது வழி என்பது போர்ட்டபிள் கான்சென்ட்ரேட்டர்தான், சுற்றியிருக்கிற காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி, பேட்டரியில் ஓடும், தோளில் மாட்டிக்கொள்ளலாம். சில நிறுவனங்கள் கட்டணத்துக்குத் தாங்களே ஆக்சிஜன் ஏற்பாடு செய்வதும் உண்டு. இரண்டாவதாக நான் எழுதிக் கேட்ட நிறுவனம் ஒரே நாளில் பதில் போட்டது. கருவியின் மாடல் என்ன, எத்தனை பேட்டரி, ஒவ்வொன்றும் எத்தனை வாட்-மணி (பேட்டரியில் அடங்குகிற மின்சாரத்தின் அளவு), பயணம் முழுக்க வேண்டுமா இடையிடையேவா, நிமிடத்துக்கு எவ்வளவு, கூட யார் வருகிறார் என்று வரிசையாகக் கேட்டு, மெடிஃப் என்கிற மருத்துவத் தகவல் படிவத்தையும் இணைத்திருந்தார்கள். அதில் ஒரு பகுதியை நாம் நிரப்ப வேண்டும், மற்றதை டாக்டர் நிரப்பிக் கையெழுத்தும் முத்திரையும் வைக்க வேண்டும். அவர்கள் சம்மதம் எழுத்தில் வந்த பிறகுதான் பணம் கட்டினேன். வீல்சேரும் அப்போதே கேட்டுவிட்டேன். நடக்க முடிகிறவர்தானே என்று விட்டுவிடாதீர்கள், செக்-இன்னிலிருந்து விமானக் கதவு வரைக்கும் உள்ள தூரம்தான் இவர்களுக்கு மொத்தப் பயணத்திலேயே கஷ்டமான பகுதி.

கருவியை வாங்குவது நமக்குக் கட்டுப்படியாகாது. தில்லைநகர்ப் பக்கம் மருத்துவக் கருவிகள் வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கடையில் விசாரித்தேன். வாடகையைவிட அட்வான்ஸ் தொகைதான் மலைப்பாக இருந்தது. முதலில் அவர் எடுத்துக் கொடுத்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நான் தேடிய சிவப்பு எழுத்து அதில் இல்லை. அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ. வைத்திருக்கிற விதிகளுக்குப் பொருந்துகிற கருவி என்றால், விமானத்தில் கொண்டு சென்று பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லும் வாசகம் கருவியின் மேலேயே சிவப்பில் அச்சாகியிருக்கும். 2005இல் குறிப்பிட்ட சில மாடல்களை மட்டும் பட்டியல் போட்டு அனுமதித்தார்கள், 2016இல் அந்தப் பட்டியல் முறையை மாற்றி இந்த வாசகத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவுக்குப் போகாத விமானங்களிலும் பல நிறுவனங்கள் இதைத்தான் கேட்கின்றன. கடைக்காரர் பொறுமையானவர், உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தார். அதன் அடிப்பக்கம் அந்த வாசகம் இருந்தது. அங்கேயே போட்டோ எடுத்து விமான நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்தது யாரும் சரியாகச் சொல்லாத விஷயம். டாக்டர் படிவத்தில் "நிமிடத்துக்கு 2 லிட்டர்" என்று எழுதியிருந்தார். வீட்டுக் கருவியில் அப்படித்தான் வைக்கிறோம், அது நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். இந்தச் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவை பல்ஸ் முறை. மூச்சை உள்ளே இழுக்கும்போது அதை உணர்ந்து ஒரு துளி ஆக்சிஜனை 'டக்' என்று தள்ளும், மூச்சு விடும்போது சும்மா இருக்கும். அதில் 2 என்ற எண் வெறும் செட்டிங் எண். 2 லிட்டர் என்று அர்த்தம் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, கருவியை அம்மாவுக்கு மாட்டி டாக்டரின் கிளினிக் வராந்தாவிலேயே நடக்க வைத்துப் பார்த்தோம். செட்டிங் 2இல் உட்கார்ந்தால் 94, நடந்தால் 87. மூன்றில் நடந்தால் 90. உட்கார்ந்திருக்க 2, எழுந்து நடந்தால் 3 என்று டாக்டர் படிவத்தைத் திருத்தி, 'பல்ஸ்' என்ற வார்த்தையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். வாய் வழியாக மூச்சு விட்டால் பெட்டிக்கு மூச்சு தெரியாது. அம்மா தூக்கத்தில் வாயைத் திறந்துவிடுவாள், அப்போது கருவி பீப் பீப் என்று கத்தியது. அதனால் ராத்திரி விமானத்தை விட்டுவிட்டுப் பகலில் போகிறதாகப் பார்த்துப் போட்டேன்.

ஏபிஜி சோதனை எதற்கு என்பதும் அங்கேதான் புரிந்தது. தம்பி போனில், "எதுக்கு ரிஸ்க், அஞ்சுல வச்சிடு அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சிஓபிடி உள்ள சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். அவர்களுக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் அந்தத் தேக்கம் இன்னும் ஏறி மயக்கம் வரைக்கும் கொண்டுபோய்விடும். அம்மாவுக்கு அந்த அளவு எல்லையில் இருந்தது. 88க்கும் 92க்கும் நடுவில் நின்றால் போதும், 98 பார்க்க ஆசைப்படாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கூட வருகிறவர் பதற்றத்தில் கருவியைக் கூட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பேட்டரிக் கணக்குக்கு ஒரு முழு நாள் போனது. பல நிறுவனங்கள் பறக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கையில் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. எங்களுக்கு நாலே கால் மணி நேரப் பயணம், ஒன்றரை மடங்கு என்றால் ஆறே கால் மணிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் விமானம் பறக்கிற நேரம் மட்டும் கணக்கா? மூன்று மணி நேரம் முன்னால் போய் உட்கார வேண்டும், அங்கே இறங்கி இமிகிரேஷன், பெட்டி எடுப்பது என்று ஒரு மணி நேரத்துக்கு மேல், ஆக ஒன்பது மணி நேரமாவது வேண்டும். சீட்டில் இருக்கிற சார்ஜரை நம்பக் கூடாது, எல்லா விமானத்திலும் இருக்காது, இருந்தாலும் இந்தக் கருவியை ஓட்டுமா என்பது நிச்சயமில்லை. கடைக்காரர் ஒரு பேட்டரி நாலரை மணி நேரம் வரும் என்றார். வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மாட்டி, செட்டிங் 2இல் வைத்து, மணி பார்த்து எழுதினேன். மூன்று மணி நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, அது செட்டிங் 1க்கான நேரம். மூச்சு வேகமாக வாங்குகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தீரும்.

பெரிய பேட்டரி ஒன்று தரட்டுமா என்று கேட்டார். லித்தியம் பேட்டரிக்கு 100 வாட்-மணி ஓர் எல்லை. அதற்குள் என்றால் தொல்லை இல்லை, 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி வேண்டும். பேட்டரி மேல் வாட்-மணி போடவில்லை என்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் போதும். எங்களுடையது 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 97.92. பெரியதை விட்டுவிட்டு இந்த அளவிலேயே மூன்று எடுத்துக்கொண்டேன். உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் போட்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் அம்மா சாமி கும்பிட்டுவிட்டு வந்து தானே குழாயை எடுத்து மாட்டிக்கொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்து மூக்கை மறைத்தாள், கொஞ்ச நேரத்தில் அது நழுவ, திரும்ப இழுத்தாள். செக்-இன் கவுண்டரில் இருந்த பெண்ணுக்குக் கருவியைப் பற்றி எதுவும் தெரியவில்லை, மேலதிகாரியைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருந்தேன், சம்மத மின்னஞ்சல், மெடிஃப், டாக்டர் கடிதம், சிவப்பு வாசகத்தின் போட்டோ, பேட்டரி விவரம். அவர் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் போர்டிங் பாஸ் கொடுத்துவிட்டார். போனில் மட்டும் வைத்திருந்தால் அந்த நெரிசலில் தேடிக் காட்டியிருக்க முடியாது.

பாதுகாப்புச் சோதனையில் கருவி எக்ஸ்ரே வழியாகப் போக வேண்டும். அம்மாவை வீல்சேரிலேயே ஆடாமல் உட்கார வைத்துவிட்டு, கடைசி நொடியில் கழற்றி டிரேயில் வைத்தேன். சிஐஎஸ்எஃப் பெண் காவலர், "அம்மா, நிதானமா மூச்சு விடுங்க, வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை வரிசையில் முன்னுக்குத் தள்ளிவிட்டார். மூன்று நிமிடம் இருக்கும். ஆக்ஸிமீட்டர் 91இல் இருந்தது.

காத்திருந்த இடத்தில் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலைப்பை இழுத்தாள். கடைசியில் அவர் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது எங்கம்மா கிடைக்குது? எங்க வீட்டுக்காரருக்கும் மூச்சு நோய், ரெண்டு வருஷமா மக வீட்டுக்கே அவர் வரல, நான் மட்டும் போறேன்" என்றார். அம்மா தலைப்பை விட்டுவிட்டு, பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, இது 2, இது 3, இந்த விளக்கு எரிந்தால் பேட்டரி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு சிங்கப்பூர் போய்ச் சேரும் வரை தலைப்பு மூக்குக்கு வரவில்லை.

சீட் விஷயம். அவசர வழி வரிசையில் கொடுக்க மாட்டார்கள். குழாய் நடைபாதையில் குறுக்கே வரக் கூடாது என்பதால் அம்மாவுக்கு ஜன்னல், பக்கத்தில் நான், கருவி முன் சீட்டுக்கு அடியில், காற்று உறிஞ்சுகிற வலைப்பக்கம் அடைபடாமல். பணிப்பெண் மஞ்சள் முகமூடியை மாட்டிக் காட்டியபோது, "இத்தன ஆக்சிஜன் அவங்ககிட்டயே இருக்கே, அதக் குடுத்தா ஆகாதா?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. கேபின் அழுத்தம் திடீரென்று போனால் மட்டும் அது மேலிருந்து விழும், பல விமானங்களில் ரசாயனத்தில் ஆக்சிஜன் உண்டாக்குவது, கால் மணி நேரம் போல வரும், விமானம் கீழே இறங்குவதற்கான அவகாசம் அவ்வளவுதான். நோயாளிக்கானது இல்லை.

மேலே போன பிறகு செட்டிங் 2இல் 90, 91 என்று நின்றது. ஒரே ஒரு தடவை கழிவறைக்குப் போனாள், கருவியைத் தோளில் மாட்டி, 3இல் வைத்து, நான் கூடவே. திரும்பி உட்கார்ந்தபோது 85. என் கை நடுங்கியது. உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடச் சொன்னேன், அவளுக்கு ஏற்கெனவே பழக்கியிருந்தார்கள். நாலு நிமிடத்தில் 90 வந்தது, திரும்ப 2க்குக் குறைத்தேன். கழிவறை போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க விடாதீர்கள், சளி கெட்டியாகி இன்னும் சிரமம். சோடா, வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம், அந்த உயரத்தில் வயிற்றில் இருக்கிற வாயு விரிந்து நுரையீரலை மேலே நெருக்கி மூச்சு முட்ட வைக்கும். இன்ஹேலர் கைப்பையில், அதுவும் கைக்கு எட்டுகிற இடத்தில்.

தம்பி வீட்டில் வாடகைக் கான்சென்ட்ரேட்டர் ஒன்றை முன்பே இறக்கி வைத்திருந்தான். மின்சாரம் நம்மூர் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு, தட்டையான மூன்று முனை, அதற்கான அடாப்டரை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். அம்மா பேரனை மடியில் வைத்துக்கொண்டால் அவன் முதலில் பிடிப்பது அந்தக் குழாயைத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னொரு தடவை அவதிப்பட்டோம். பறக்கத் தகுதி உண்டு என்று டாக்டர் தருகிற சான்றிதழ் சில நாட்களுக்குத்தான் செல்லும், எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. நாங்கள் தங்கியது மூன்று வாரம். திரும்பும் டிக்கெட்டுக்கு மெடிஃப் புதிதாகக் கேட்டார்கள், அம்மாவைப் பார்த்தே இராத அங்குள்ள டாக்டரிடம் போய், எல்லாப் பரிசோதனையும் மறுபடி செய்து வாங்க வேண்டியதாயிற்று. செலவு நம்மூரைப் போலப் பல மடங்கு. தங்கும் நாளைச் சுருக்க முடியாது என்றால், ஊர் டாக்டரின் முழு அறிக்கை, ஏபிஜி, நடைச் சோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கையோடு எடுத்துப் போங்கள், அங்குள்ளவருக்குப் பாதி வேலை குறையும். அந்தத் தாள்கள் என் பையில் இருந்ததால்தான் எங்களுக்கு ஒரே நாளில் கையெழுத்துக் கிடைத்தது.

ஊர் வந்து மூன்றாம் நாள் கருவியைக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் பேட்டரியை எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த ஃபைலைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றார். தாள் தாளாகப் புரட்டினார். துறையூரிலிருந்து ஒருவர் துபாய் போக அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறாராம், டிக்கெட் போட்டுவிட்டாரா என்று நான்தான் முதலில் கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அம்மாவின் பெயர் இருக்கிற இடங்களை மறைத்து, எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.